பேரை எடுக்கிறதெண்டால் காசையும் திருப்பிக் குடுங்கோ

கேள்வி: வணக்கம் அக்கா. நான் வடமராட்சிப் பக்கம், வயசு 27. என்ர பெரியம்மான்ர மகள் லண்டனில இருக்கிறா. அங்க ஒரு சந்தாத் தளத்தில வயது வந்தவைக்கான வீடியோ போட்டு உழைக்கிறா. ஒருத்தரும் கட்டாயப்படுத்தேல்ல, அவவே விரும்பித்தான் செய்யிறா, அங்க வரியும் கட்டுறா. என்ர தங்கச்சியின்ர கலியாணச் செலவில பாதி அவதான் தந்தவ. ஊர்க்கோயில் தேர்முட்டிக்கு 15 லட்சம் அனுப்பினவ, கல்லில உபயம் எண்டு பேர் வெட்டியிருக்கு. போன மாசம் ஆரோ அவவின்ர படம் ரெண்டை ஸ்கிறீன்ஷொட் எடுத்து ஊர் வட்ஸ்அப் குறூப்பில போட்டுட்டான். இப்ப பரிபாலன சபை அந்தக் கல்லைக் கழட்டவேணும் எண்டு நிக்குது. நான் கோவத்தில ஃபேஸ்புக்கில "இதுவும் தொழில்தான், மற்றக் கலைஞர்மாருக்குக் குடுக்கிற மாதிரி அரசாங்கமும் சமூகமும் இதுக்கும் விருதும் சலுகையும் குடுக்கவேணும்" எண்டு எழுதப்போய்ப் பெரிய சண்டையாப் போச்சு, அப்பா என்னோட கதைக்கிறேல்ல. நான் சொன்னது பிழையோ? அந்த லண்டன் அக்கா ஐப்பசியில ஊருக்கு வாறா. அவவுக்கு இஞ்ச சட்டச் சிக்கல் ஏதும் வருமோ? என்ர பேர் போடவேண்டாம்.

பதில்: தம்பி, உங்கட கடைசிக் கேள்விக்குத்தான் சட்டத்தரணி தேவை, ஆனா நீங்கள் கூட மினக்கெட்டு எழுதினது முதல் கேள்வியைத்தான், அதால அதில துவங்கிப் பேந்து சட்டத்துக்கு வாறன். ஒளிச்சு மறைக்காமல் சொல்லுறன், அரசாங்கம் இந்தத் தொழிலுக்கு விருதோ சலுகையோ குடுக்கவேணும் எண்டதில எனக்கு உடன்பாடில்லை. ஆனா உங்கட போஸ்டுக்குக் கீழ வந்து குத்தி முறிஞ்ச ஆக்கள் சொல்லுற காரணம் வேற, என்ர காரணம் வேற. கலாசாரம் கெட்டுப்போகுது எண்டு எழுதின ஆக்களில எத்தினை பேர் அந்த ஸ்கிறீன்ஷொட்டைப் பெருப்பிச்சுப் பாத்தவை எண்டு நான் கேக்கேல்ல, இத்தினை வருசம் யாழ்ப்பாணக் கோட்டுப் படி ஏறி இறங்கின எனக்கு உதுகளில புதினம் ஒண்டும் மிச்சமில்லை.

முதல்ல ஒண்டை யோசியுங்கோ. இந்தத் தொழிலுக்குச் சன்மானம் கிடைக்கேல்ல எண்டு சொல்லேலாது, கொட்டுது, ஆனா ஆற்ற மடியில கொட்டுது? ஒன்லிஃபான்ஸ் தளத்தை எடுங்கோ, படம் போடுற ஆள் 100 டொலர் உழைச்சால் 20 டொலர் தளத்துக்கு. அந்தக் கொம்பனியின்ர முதலாளி 2024 கணக்கில பங்குலாபமா மட்டும் 70 கோடி அமெரிக்க டொலர் எடுத்தவர், அவற்ற படத்தை ஒருத்தரும் ஒரு குறூப்பிலயும் போடேல்ல பாருங்கோ. மியா கலீஃபா எண்ட பேரை உங்கட வயசுப் பெடியளுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை, உலகம் முழுக்கத் தேடின பேர், அவ 2019இல வெளிப்படையாச் சொன்னா அந்தத் தொழிலால தனக்கு மொத்தமா வந்தது 12,000 டொலர் அளவுதான் எண்டு. வீடியோ இண்டைக்கும் ஓடுது, காசு வேற ஆற்றையோ பொக்கற்றுக்குப் போகுது, பேர் கெட்டது மட்டும் அவவுக்கு. இன்னொண்டு, 2017 ஆவணியில சன்னி லியோனி கொச்சிக்கு ஒரு ஃபோன் கடை திறக்க வந்தநேரம் றோட்டே தெரியாத அளவுக்குச் சனம், கார் அசையேலாமல் நிண்டது, அந்தப் படங்கள் எல்லாப் பேப்பரிலயும் வந்தது. சமூகம் குடுக்கிற மதிப்பெண்டு நீங்கள் கேக்கிறது இதுதானெண்டால் அது ஏற்கனவே நல்லாக் கிடைக்குது. அந்தக் கூட்டத்தில நிண்ட ஆம்பிளையளில எத்தினை பேர் தன்ர வீட்டுப் பிள்ளை இந்தத் தொழில் எண்டால் படலைக்குள்ள விடுவினம் எண்டதுதான் மற்றக் கதை.

அரசாங்கத்தின்ர பக்கம் இதைவிட மோசம். 2010 கார்த்திகையில இலங்கைப் பொலிசு என்ன செய்தது தெரியுமோ, நீங்கள் அப்ப பள்ளிக்கூடம் போற பிள்ளை, இணையத்தில ஆபாசப் படத்தில இருக்கினம் எண்டு 80 பேருக்கு மேல ஆக்களின்ர முகத்தைப் பேப்பரில போட்டு, ஆர் எண்டு அடையாளம் காட்டுங்கோ எண்டு சனத்திட்டக் கேட்டது. அதில விரும்பி நடிச்சது ஆர், காதலன் களவா எடுத்து ஏத்தினது ஆரை, ஏமாந்தது ஆர் எண்டு ஒரு பிரிப்பும் இல்லை. எல்லாப் பிள்ளையளின்ர முகமும் ஒரே பக்கத்தில. படத்தை எடுத்தவன்ர முகம் அதில இல்லை. அப்பிடிச் செய்த ஒரு அரசாங்கத்திட்டப் போய் நீங்கள் விருது கேக்கிறீங்கள், எனக்கு வாசிக்கச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வயித்தெரிச்சலும் வந்தது. விருது தாறதுக்கு முதல் அந்த முகங்களைப் பேப்பரில போட்டதுக்கு மன்னிப்புக் கேக்கட்டும்.

சரி, நல்ல அரசாங்கம் ஒண்டு வருது எண்டு வைப்பம், விருது, மானியம், வரிச்சலுகை எல்லாம் தருது எண்டு வைப்பம். அப்ப ஆர் வருவினம்? லண்டனில சொந்த ஃபிளட்டில இருந்து கமராவைத் தானே பூட்டி, விருப்பமில்லாத நாள் நிப்பாட்டி வைக்கக்கூடிய உங்கட அக்கா மாதிரி ஆக்கள் கொஞ்சப் பேர் வருவினம். மற்றவை ஆர் எண்டு எங்கட பக்கத்தை வைச்சே யோசியுங்கோ. புருசன் இல்லாமல் தனிய வீடு கொண்டுபோற பெண்கள் வடக்கில எத்தினை ஊரில எத்தினை பேர் இருக்கினம், நுண்கடன்காரன் கிழமைக்குக் கிழமை வாசலில வந்து நிக்கிறது எப்பிடி எண்டு உங்கட ஊரிலயே கேட்டுப்பாருங்கோ, அது எவ்வளவு முத்தினதெண்டால் 2018இல அரசாங்கமே வறட்சி பாதிச்ச மாவட்டங்களில பெண்கள் எடுத்த 1 லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. இப்பிடி ஒரு இடத்தில அரசாங்கமே இந்தத் தொழிலுக்குச் சலுகை எண்டு அறிவிச்சால், பிள்ளைக்குப் பால்மா வாங்க வழியில்லாத ஒருத்தியைப் பின்னால நிண்டு தள்ளிவிடுற வேலைதான் அது. விருப்பம் எண்ட சொல்லை அவவிட்டக் கொண்டுபோய்க் கேக்கேலாது.

ஏமாத்துறதும் சின்ன ஆக்கள் செய்யிற வேலை இல்லை தம்பி. அமெரிக்காவில, சட்டம் இவ்வளவு இறுக்கமா இருக்கிற கலிபோர்னியாவில, ஒரு கூட்டம் மொடலிங் எண்டு விளம்பரம் போட்டு இளம் பிள்ளையளைக் கூப்பிட்டு, இது வெளிநாட்டில டிவிடியா மட்டும்தான் விப்பம், இணையத்தில வராது எண்டு சொல்லி எடுத்து, பேந்து இணையம் முழுக்கப் பரப்பி, அந்தப் பிள்ளையளின்ர படிக்கிற இடத்துக்கும் வீட்டுக்கும் போய்ச் சேர்ற அளவுக்கு விட்டுது. 22 பெண்கள் சேர்ந்து வழக்குப் போட்டவை, 2020 தையில சான் டியாகோ நீதிமன்றம் அவைக்கு 1 கோடி 27 லட்சம் டொலர் அளவில நட்டஈடு குடுக்கச் சொன்னது, அதை நடத்தின முக்கியமான ஆளுக்கு 2025இல 27 வருசச் சிறை. வெளிநாட்டில மட்டும்தான், ஊரில ஒருத்தருக்கும் தெரியாது எண்ட அந்த வசனத்தை நான் இஞ்ச என்ர ஒஃபீசிலயும் கேட்டிருக்கிறன், அழுதுகொண்டு வந்த பிள்ளையளின்ர வாயால.

அப்ப என்னதான் வேணும் எண்டு கேப்பீங்கள். விருது வேண்டாம், சிறையும் வேண்டாம், மற்ற வேலைகாரருக்கு உள்ள பாதுகாப்பு இவைக்கும் இருக்கவேணும், அவ்வளவுதான் என்ர நிலைப்பாடு. உலகத்தில ரெண்டு கரையிலயும் நாடுகள் நிக்குது. பெல்ஜியம் 2022இல பாலியல் தொழிலைக் குற்றப்பட்டியலில இருந்து எடுத்தது, 2024 மார்கழி 1ஆம் திகதியில இருந்து அந்தத் தொழிலாளருக்கு வேலை ஒப்பந்தம், சுகவீன லீவு, பிரசவ லீவு, பென்சன் எல்லாம் சட்டத்தில இருக்கு. ஸ்வீடன் மற்றக் கரை, அங்க 1999இல இருந்து விக்கிற ஆளுக்குத் தண்டனை இல்லை, வாங்கிற ஆளுக்குத்தான், 2025 ஆடியில இருந்து கமராவுக்கு முன்னால ஒருத்தரைக் காசு குடுத்து நேரலையாச் செய்விக்கிறதையும் அதுக்குள்ள கொண்டுவந்திட்டினம். ஸ்வீடன்காரற்ற நோக்கம் எனக்கு விளங்குது, ஆனா வாங்கிறவனைப் பிடிக்கப்போனால் விக்கிறவ இன்னும் இருட்டுக்குள்ளதான் போவா எண்டு அந்தத் தொழிலில இருக்கிற ஆக்களே சொல்லுகினம், நானும் அப்பிடித்தான் நினைக்கிறன். பெல்ஜியத்தின்ர சட்டத்தில எனக்குப் பிடிச்சது பென்சனும் லீவும் இல்லை, ஒரு வாடிக்கையாளரையோ ஒரு செயலையோ வேண்டாம் எண்டு மறுத்ததுக்காக ஆளை வேலையால நிப்பாட்டேலாது எண்ட பிரிவுதான். வீடியோ எடுக்கிற தொழிலுக்கு இதோட இன்னொண்டும் சேரவேணும், நான் போட்டதை நானே எடுத்துப்போடுற உரிமை. மறுக்க ஏலும், வெளியில வர ஏலும், படத்தை அழிப்பிக்க ஏலும் எண்டால் மிச்சத்தை அந்த ஆளே பாத்துக்கொள்ளும்.

இண்டைக்கு அந்த உரிமையைக் காக்கிறது அரசாங்கங்களை விட பாங்குக் கார்ட் கொம்பனியள்தான் எண்டது ஒரு பகிடி. 2020 மார்கழியில போர்ன்ஹப் தளத்தில களவா ஏத்தின வீடியோக்களும் சின்னப்பிள்ளையளின்ர வீடியோக்களும் கிடக்கெண்டு பேப்பரில வந்த உடன விசாவும் மாஸ்டர்கார்ட்டும் கையை எடுத்தினம், அந்தத் தளம் ஆர் ஏத்தினதெண்டு உறுதிப்படுத்தாத லட்சக்கணக்கான வீடியோக்களைக் கெதியா இறக்கிப்போட்டுது. எத்தினையோ வருசமாப் பெண்கள் எழுதிக் கேட்டு நடக்காதது. ஆனா அதே கார்ட்டும் பாங்கும்தான் மற்றப் பக்கம் அடிக்கிறதும், 2021 ஆவணியில ஒன்லிஃபான்ஸ் இனி வெளிப்படையான படங்கள் இல்லை எண்டு அறிவிச்சது, பாங்குகள் தாற நெருக்குதல் எண்டு காரணம் சொன்னது, ஒரு கிழமைக்குள்ள மனசை மாத்தி இல்லை இல்லை போடலாம் எண்டது. அந்த ஒரு கிழமை அதில சீவிக்கிற ஆக்களுக்கு எப்பிடி இருந்திருக்கும். உங்கட அக்காவுக்கு விருதை விட முதல் தேவை இந்த மாதிரி ஒரு இரவில வருமானம் நிண்டுபோகாமல் இருக்கிறது.

எங்கட ஊரிலயே இதுக்கு ஒரு வழி போட்டுக் காட்டியிருக்கினம். கள்ளுச் சீவுற ஆக்களை இந்தச் சமூகம் எப்பிடி வைச்சிருந்தது எண்டு உங்கட அப்பாவுக்குத் தெரியும், கள்ளைக் குடிச்சிட்டுச் சீவினவரை முத்தத்துக்குள்ள விடாத சனம். அவைக்கு ஆரும் பொன்னாடை போத்தேல்ல, அவை கேக்கவும் இல்லை. சங்கம் வைச்சவை, பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் எண்டு, தவறணையைச் சங்கமே நடத்தி, கள்ளுக்கு ஒரு விலை, மரத்தால விழுந்தால் உதவி, சேமிப்பு எண்டு கொண்டுவந்தவை. சாதி போச்சோ எண்டால் போகேல்ல, ஆனா இடையில நிண்டு உறிஞ்சின ஆள் போனான். கொல்கத்தா சோனாகாச்சியில பாலியல் தொழில் செய்யிற பெண்கள் 1995இல உஷா எண்டு ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினதும் இதே கணக்குத்தான், வட்டிக்காரனிட்டப் போகாமல் தங்கட காசைத் தாங்களே சேமிச்சுக் கடனும் எடுக்கிறதுக்கு.

விருது எண்டதில எனக்கு இன்னொரு பயமும் இருக்கு, அது எங்கட பழைய கதையால வந்த பயம். எங்கட பாட்டன்மாற்ற காலத்தில கோயில் திருவிழாவெண்டால் சின்னமேளம், அதுதான் பெண்கள் ஆடுற சதிராட்டம், இருக்கும், உபயகாரர் போட்டிபோட்டுக் காசு குடுத்துக் கூப்பிடுவினம், ஊர்ப் பெரியாக்கள் முன்னுக்கு இருந்து விடிய விடியப் பாப்பினம், விடிஞ்சாப் பிறகு அந்தப் பெண்களைப் பற்றிக் கதைக்கிற கதை காதால கேக்கேலாது. ஆறுமுக நாவலர் அதுக்கும் கன காலத்துக்கு முதலே நல்லூரில இந்த ஆட்டத்தை எதிர்த்தவர். தமிழ்நாட்டில 1947இல தேவதாசி முறையைச் சட்டம் போட்டு நிப்பாட்டினவை, அது நிக்கவேண்டியது, அதில எனக்கு ரெண்டாம் பேச்சில்லை. ஆனா அந்த ஆட்டம் பரதநாட்டியமா மேடை ஏறி, அரங்கேற்றம், பட்டம், பொன்னாடை எண்டு போச்சு, தலைமுறை தலைமுறையா அதை உடம்பில வைச்சுக் காப்பாத்தின குடும்பத்துப் பெண்களில கனபேர் தாங்கள் ஆர் எண்டு சொல்லவே பயந்து ஒதுங்கினவை. அந்தக் கலையும் இந்த வீடியோவும் ஒண்டெண்டு நான் சொல்லேல்ல, டான்ஸ் ரீச்சர்மார் கோவிக்கவேண்டாம். சமூகம் விருது குடுக்கிறநேரம் தனக்குத் தோதான முகத்துக்குத்தான் குடுக்கும் எண்டு சொல்லுறன். நாளைக்கு இந்தத் தொழிலுக்கும், அரசாங்கம் கலைஞர்மாருக்குக் குடுக்கிற கலாபூஷணம் மாதிரி ஒரு விருது வந்தால் அது தளம் நடத்துற கோட்சூட் போட்டவருக்கு வரும், உங்கட அக்காவுக்கு வராது.

இப்ப தேர்முட்டிக்கு வருவம். இதில எனக்கு உங்கட பரிபாலன சபையோடதான் கோவம். 15 லட்சம் வந்த நேரம் லண்டனில என்ன வேலை பிள்ளை எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. கேட்டிருந்தால் அவ சொல்லியிருப்பாவோ இல்லையோ, கேக்கேல்ல. எங்கட கோயில் கல்வெட்டுகளில பேர் இருக்கிற எல்லாற்ற காசும் எப்பிடி வந்ததெண்டு விசாரிக்க வெளிக்கிட்டால், கள்ளக் கிரெடிட் கார்ட் அடிச்ச காசு, ஆள் ஏத்தின காசு, வட்டிக் காசு எண்டு பாதிக் கல்லு கழண்டு போம், அதை நான் விடுப்புக்குச் சொல்லேல்ல, அந்த வழக்குகளில சிலதில நானே நிண்டிருக்கிறன். தொழில் பிடிக்கேல்ல, அந்தப் பேர் சந்நிதியில இருக்கக்கூடாது எண்டால் அது சபையின்ர நிலைப்பாடு, இருக்கட்டும், பொதுச்சபையைக் கூட்டித் தீர்மானம் எடுத்து, 15 லட்சத்தையும் பாங்கில அவவின்ர கணக்குக்குப் போட்டுட்டுக் கல்லைக் கழட்டட்டும். காசு தேர்முட்டிக்குள்ள இருக்கட்டும், பேர் மட்டும் வேண்டாம் எண்டால் அது பக்தியில சேராது. அந்தக் காசு போன பாங்கு ஸ்லிப்பும் கோயில் குடுத்த பற்றுச்சீட்டும் அக்காவிட்ட இருந்தால் ஒரு கொப்பி எடுத்து வையுங்கோ. நீங்களாச் சபையோட வாய்த்தர்க்கத்துக்குப் போகவேண்டாம், அவவுக்கு அந்தக் கல்லு வேணுமோ எண்டு முதல்ல அவவைக் கேளுங்கோ, எனக்கெண்டால் அந்தக் கல்லே வேண்டாம் எண்டு அவ சொன்னாலும் சொல்லுவா.

அதில இருந்து ஒரு கேள்வி உங்களுக்கும் வருது. ஃபேஸ்புக்கில எழுதமுதல் அவவிட்டக் கேட்டனீங்களோ? கடிதத்தில அது இல்லை. நீங்கள் பேர் சொல்லாமல்தான் எழுதியிருப்பீங்கள், ஆனா வட்ஸ்அப்பில ரெண்டு படம் போன ஊரில, அந்த வீட்டுப் பெடியன் எழுதினால் ஆரைப் பற்றி எண்டு ஆருக்கு விளங்காது. குறூப்பில 50 பேர் பாத்ததை நீங்கள் 500 பேருக்குச் சொன்ன மாதிரிப் போச்சு. உங்கட மனசு நல்லது, பாசத்தில செய்தனீங்கள், ஆனா அவ தன்ர வாழ்க்கையைக் கொடியாப் பிடிக்கச் சொல்லி உங்களிட்டத் தரேல்ல. போஸ்டை எடுங்கோ, அவவோட கதையுங்கோ, பேந்து அவ விரும்பினால் எழுதுங்கோ.

சட்டத்துக்கு வாறன். அவ அங்க செய்யிறது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றமில்லை, சுயதொழில் எண்டு வருமானம் காட்டி வரியும் கட்டுறா, ஊருக்கு வாறதுக்கு அதால தடையில்லை. ஆனா இஞ்ச 1927ஆம் ஆண்டின்ர ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இருக்கு, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், ஆபாசமெண்டு கருதுறதை விக்கிறதுக்கோ பரப்புறதுக்கோ இஞ்ச உருவாக்கினாலும், வைச்சிருந்தாலும், நாட்டுக்குள்ள கொண்டுவந்தாலும், எந்த வழியிலயும் சுத்துக்கு விட்டாலும் குற்றம். அதால ஐப்பசியில வரேக்க ஃபோனிலயும் லப்டொப்பிலயும் அந்த ஃபைலுகள் ஒண்டும் இல்லாமல் வரச்சொல்லுங்கோ, இஞ்ச நிக்கிற நாளில ஒண்டும் எடுக்கவோ தளத்தில ஏத்தவோ வேண்டாம், சந்தாக்காரர் கேட்டாலும் லீவு எண்டு சொல்லச் சொல்லுங்கோ.

இதே சட்டத்தை நல்லா வாசிச்சுப் பாத்தால் இஞ்ச மாட்டக்கூடிய ஆள் வேற. ஊர்க் குறூப்பில படத்தைச் சுத்துக்கு விட்டவன் தான் அவன், அதைத் தன்ர மற்றக் குறூப்புகளுக்கு அனுப்பின ஆக்களும் அதுக்குள்ளதான். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலயும் ஒருத்தரின்ர தனிப்பட்ட விசயத்தைத் தொந்தரவு குடுக்கிற நோக்கத்தோட போடுறது குற்றம், அந்தச் சட்டத்தின்ர மிச்சப் பகுதியள் பேச்சுச் சுதந்திரத்தில கைவைக்குது எண்டு நானும் விமர்சிச்ச ஆள்தான், ஆனா இந்தப் பகுதி உதவும். அதோட, காசு கட்டிப் பாக்கிற தளத்தில அவவே எடுத்த படத்தின்ர பதிப்புரிமை அவவுக்குத்தான், வேற தளங்களில வந்தால் அந்தக் காரணத்தைக் காட்டி இறக்கச் சொல்லிக் கேக்கலாம், அவமானம் மானம் எண்டு விளக்கம் சொல்லிக்கொண்டு நிக்கத் தேவையில்லை.

குறூப்பில படம் வந்த திகதி, நேரம், அனுப்பின நம்பர் தெரியிற மாதிரி இப்பவே எடுத்து வையுங்கோ, படத்தை மறைச்சு எடுத்தால் காணும், நீங்களும் அதை ஒருத்தருக்கும் அனுப்பாதேங்கோ, ஆதாரம் எண்டு சொல்லிக் கூட. காசு தா இல்லாட்டி மிச்சப் படங்களையும் போடுவன் எண்டு ஆரும் அவவை மிரட்டினால் ஒரு சதமும் குடுக்கவேண்டாம், குடுத்தால் அடுத்த மாசமும் கேப்பான், உடன முறைப்பாடு. பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கும் எடுக்கலாம். பொலிசில முறைப்பாடு போடுறதோ இல்லையோ எண்டது அவ எடுக்கவேண்டிய முடிவு, ஏன் எண்டால் வழக்கெண்டு வந்தால் படத்தை மேசையில வைச்சுத்தான் கதைப்பினம், அதுக்கு அவ ஆயத்தமோ எண்டு அவவுக்குத்தான் தெரியும். இஞ்ச நிக்கேக்க ஏதும் ஒரு காரணம் சொல்லிப் பொலிசு வரச்சொன்னால் தனியப் போகவேண்டாம், வாக்குமூலம் குடுக்கமுதல் ஒரு சட்டத்தரணியோட கதைக்கவேணும், நான்தான் வரவேணும் எண்டில்லை, யாழ்ப்பாணத்தில சட்ட உதவி ஆணைக்குழுவின்ர ஒஃபீசும் இருக்கு, அங்கயும் கேக்கலாம். பிளேன் ரிக்கற் போடமுதல் அவவையே எனக்கு ஒருக்கா எழுதச் சொல்லுங்கோ, உங்களுக்கூடாக வேண்டாம்.